ஸ்கேன் அறை வாசலில் நான் கத்தியது

இன்று தாம்பரத்தில் எனக்கு வயிற்று ஸ்கேன். ஒரு மாதமாக வலி. கட்டியாக இருக்குமோ என்று அம்மாவுக்கு பயம்.

வெறும் வயிற்றில் வரச் சொன்னதால், கிருத்திகை விரதம்போலத் தண்ணீர்கூடத் தொடாமல் படப்பையில் பஸ் ஏறினேன். துணைக்கு அம்மாவும் பட்டினி!

“சாப்பாடுதாம்மா கூடாது. தண்ணி குடிச்சு, யூரின் அடக்கிட்டு இருந்தாதான் உள்ள தெளிவா தெரியும்,” என்று சிரித்தார் ஸ்கேன் அக்கா.

ஒரு லிட்டர் குடித்தேன்.

எனக்கு முன்னால் நான்கு பேர். அடக்க முடியவில்லை, சொல்லவும் கூச்சம். கடைசியில் எழுந்து நின்று, “அக்கா, என்னால முடியல!” என்று கத்தியேவிட்டேன்!

“பாப்பாவ மொதல்ல வுடுங்கம்மா,” என்றார்கள் நான்கு பேரும்.

கட்டி இல்லையாம்! கிட்னியில் சின்னக் கல்தானாம், மாத்திரையிலேயே போய்விடுமாம்.

“இவ்ளோ சத்தம் உனக்குள்ள எங்கடி இருந்துச்சு?” என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அது மட்டும் ஸ்கேனில் தெரியவில்லை.