எர்னாவின் பதினோரு நொடி

பெர்லினில் ஸ்டெக்லிட்ஸ் பக்கம் எர்னா க்ளாஸனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பதினோரு நொடியையும் தெரியும். தெரியாமல் இருக்க அவள் விட்டதில்லை. முப்பது வருஷம் கடையில் கையுறை விற்றாள். வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். டிராம் ஓட்டிய அவள் கணவர் ரூடி, "கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருந்தா" என்று சாகும்வரை கேலி செய்தார்.

கதை 1931-இல் தொடங்கியது. கரி வியாபாரியின் மகளான எர்னா அப்போது பத்தொன்பது வயதில் ஒட்டீலி வெர்னிக்கே என்ற பெண்ணிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். ஒட்டீலி கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பி கோத்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் படுக்கவைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படமெடுப்பாள். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். இப்படி இரண்டு வருஷம் குனிந்து கிடந்து ஒரு படகோட்டி மகளின் கதையை எடுத்தாள். பதினோரு நொடி பாக்கி இருக்கும்போது நிமோனியா வந்து செத்துப்போனாள். எர்னா அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, மூன்றே நாளில் மிச்சத்தைத் தனி ஆளாக முடித்தாள். படம் வெளிவந்தபோது, பணம் போட்ட முதலாளியின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது. பெண்பிள்ளைகள் அட்டை வெட்டியதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

இப்போது, நாற்பத்தேழு வருஷம் கழித்து, ஜில்கே என்ற பெண் ஒட்டீலியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள். எப்போதும் அவசரத்தில் இருப்பவள். எர்னா வீட்டுக்கு வந்து காபி குடித்து, பிளம் கேக்கில் இரண்டு துண்டு தின்று, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் நம்புறேன் எர்னா அம்மா. ஆனா சும்மா எழுதிட முடியாது. ஏதாவது அடையாளம் வேணும். கிடைச்சா, முடிவுல ஒரு வரி போட்டுடுவேன். 'கடைசிக் காட்சி: எர்னா க்ளாஸன்'னு."

அந்த ஒரு வரி எர்னாவை ஆட்டிவைத்தது. வாசல் மணிக்குப் பக்கத்துத் தகட்டைத் தவிர வேறெங்கும் தன் பெயரை அவள் எழுத்தில் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஜில்கே போன் செய்தாள். "கோட்டை மாட்டிட்டு ஓடி வாங்க. மாட்டிக்கிச்சு!"

படத்தொகுப்பு அறையில் ஒளிப்பதிவாளரும் கேமராவோடு தயாராக நின்றார். சின்னத் திரையில் அசையாமல் ஒரு படம்: படகு, படகில் பெண், அவள் பிடித்திருக்கும் துடுப்பின் மேல் ஒரு கறுப்புக் கை.

"உங்க பதினோரு நொடியில ஒரே ஒரு படத்துல கை விழுந்திருக்கு! ஓடும்போது யார் கண்ணுக்குத் தெரியும்? உங்க கைதானே? அதைச் சொல்லிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுங்க, போதும். உங்க பேர் வந்துடும்."

ஒட்டீலியின் அறையில் மேஜைக்கு மேலே தொங்கிய கேமராவை இயக்கும் கயிறு சுவரோரம் இருந்தது. அவள் தனியாக வேலை பார்த்தபோது, பொம்மையை நகர்த்திவிட்டு எழுந்து நாலு எட்டு வைத்துப் போய்த்தான் அதை இழுக்க வேண்டும். கயிற்றை இழுப்பவளின் கை கண்ணாடிமேல் இருக்க வழியே இல்லை.

கிட்டே போய்க் குனிந்தாள். அந்தக் கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. சின்ன வயதில் சறுக்குவண்டியிலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகக் கூடிய ஒட்டீலியின் விரல்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள், கயிற்றை இழுத்துவிட்டுத் திரும்பியபோது துடுப்பு தான் வைத்ததைவிடச் சற்று உயர்ந்திருந்தது. அசதியில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, அங்கிருந்தே தொடர்ந்தாள். அந்தத் துடுப்பு எழும் அழகைத்தான் பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். அவளும் அதைச் சொல்லித்தான் இத்தனை காலம் பீற்றிக்கொண்டாள்.

"என்னம்மா, முகம் வெளுத்துப்போச்சு?"

"அடுத்ததைப் போடு."

அடுத்ததில் கை இல்லை. முந்தியதிலும் இல்லை.

"திரும்ப அதையே போடு."

கை வந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. எர்னாவின் பிடரி மயிர் சிலிர்த்தது. ஒளிப்பதிவாளர் கேமராவை ஓடவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தக் கோணல் விரலை அறிந்தவர்கள் அவளைத் தவிர ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. அவள் வலது கை இடுப்புவரை எழுந்தும் விட்டது. பயத்தையும் மீறிக்கொண்டு கோபம் வந்தது.

"அவ்வளவு மோசமாவா பண்ணிட்டேன் நான்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். "ரெண்டு வருஷம் உங்க பக்கத்துல நின்னேனே! பதினோரு நொடியைக்கூட என்னை நம்பி விட முடியலையா உங்களுக்கு?"

ஜில்கே பின்வாங்கினாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"ஒட்டீலி அம்மாகிட்ட. அது அவங்க கை."

"அவங்க அப்போ இறந்துட்டதா நீங்கதானே..."

"பன்னெண்டு நாள் ஆகியிருந்தது. குழியில மண்ணு அள்ளிப் போட்டவ நான்." எர்னா கைகள் இரண்டையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். "அதையும் அவங்க பேர்லயே போட்டுக்கோ. எனக்குன்னு அதுல ஒண்ணும் இல்லை."