முருகனுக்கும் குளிசைக்கும் நான் மூட்டிய சண்டை

2024 நவம்பர் 6, புதன்கிழமை, பின்னேரம் 4.20. கோப்பாயில் விடாத மழை. கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள். என் ஒன்பது வயதுப் பேத்தி அபிராமி தன் கையைத் தானே கடித்துக்கொண்டு, படலையைத் தள்ளித் திறந்து, பஸ் ஓடும் தெருவுக்கு ஓடினாள். அதற்குக் காரணம் நான்.

அவளுக்கு ஓட்டிசம். மூன்று வருடம் ஒழுங்கான நித்திரை இல்லை. சுவரில் தலையை மோதுவாள். நான் தினமும் முருகன் கோயிலை ஒன்பது முறை சுற்றி அழுதேன். அந்த வருடம் மாசியில் ஆஸ்பத்திரிக் கிளினிக் டாக்குத்தர் தினமும் ஒரு குளிசை கொடுக்கச் சொன்னார். ஏழாம் வாரம் மோதல் குறைந்தது. நித்திரை வந்தது.

ஊரே டாக்குத்தரைப் புகழ்ந்தது.

"அந்த மனுசனின்ரை கைராசி!" என்றார் பக்கத்து வீட்டுக் கந்தையா.

"அப்ப நான் சுத்தினது காலுக்குப் பயிற்சியோ?"

"ஓம், உங்கடை முழங்கால் நோவும் குறைஞ்சிட்டுதெல்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் முருகனுக்கு வரவேண்டிய நன்றி ஒரு சின்ன வெள்ளைக் குளிசைக்குப் போகிறதே! அந்தப் பொறாமைக்கு நான் பக்தி என்று பெயர் வைத்தேன்.

மருமகள் வேலைக்குப் போவதால் குளிசை கொடுப்பது என் பொறுப்பு. விரதத்துக்குக் காப்புக் கட்டிய அன்றே அதை நிறுத்தி, தீர்த்தமும் திருநீறும் மட்டும் கொடுத்தேன். மூன்றாம் இரவு அவள் நித்திரை கொள்ளவில்லை. முருகன் சோதிக்கிறான் என்றேன். ஐந்து நாள், ஐந்து குளிசை, என் சட்டைப் பையில்.

எனக்கு எழுபத்துநான்கு வயது; தெருவுக்கு ஓடியவளின் பின்னால் ஓட முடியவில்லை. சேற்றில் விழுந்தபடியே கத்தினேன்: "முருகா, பெருமை ஆருக்கெண்டாலும் போகட்டும். பிள்ளையைத் தா!"

பஸ் சறுக்கி, அவளுக்கு மூன்று முழம் தள்ளி நின்றது. அவன் தந்தான்.

ஐந்து குளிசைகளையும் மருமகளிடம் நீட்டினேன். அவள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு, "மாமா, முருகன் குளிசையோட கோவிக்கேல்லை. நீங்கள் ஏன் கோவிச்சனீங்கள்?" என்றாள்.

மறுநாள் டாக்குத்தரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. திரும்பத் தொடங்கும் முறையைச் சொல்லி, "இனிக் கேக்காமல் நிப்பாட்டாதையுங்கோ, ஐயா" என்றார்.

இப்போது அபிராமி நித்திரை கொள்கிறாள். நான் ஒன்பது முறையும் சுற்றுகிறேன். பத்தாவதை, கொஞ்சம் மனமில்லாமல்தான், டாக்குத்தருக்காகச் சுற்றுகிறேன். அடியார்களே, கேளுங்கள், அவன் தருவான். யார் கையால் தருகிறான் என்று மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் கேட்கவில்லை. எனக்கு ஆன செலவு நாற்பத்தொரு நாள். அத்தனை நாளும் அபிராமி என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.