மாமனாரின் போனும் என் லேப்டாப்பும்

ஆவடி சேக்காட்டில் இருக்கும் நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். லேப்டாப்பின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்ததிலிருந்து, மீட்டிங் நடுவே வைஃபை அடிக்கடி துண்டிக்கப்பட்டது.

தன் மகள் வீட்டுப் பேத்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த மாமனார் மேல் எரிந்து விழுந்தேன். "நீங்க பேசறதாலதான் மாமா எனக்கு நெட் கட்டாவுது!" கையோடு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

"உனக்கு வேல கீதும்மா. நான் வெளிய பேசிக்கினு வரேன்" என்றவர், பக்கத்து வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவர்கள் வைஃபையில் பேசினார்.

அப்போதும் எனக்கு நெட் போனது. என் போனில் பார்த்தால் எங்கள் வீட்டு வைஃபை நன்றாக ஓடியது. கோளாறு லேப்டாப்பில்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையை அணைத்துவிடும் செட்டிங், அப்டேட்டில் தானாக ஆன் ஆகியிருந்தது. அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டு, புது பாஸ்வேர்டை மாமா போனில் நானே போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் நெட் போனால், இன்னொரு போனில் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறேன்.

ஆனாலும் பேத்தி கூப்பிடும்போதெல்லாம் மாமா என் அறை வாசலுக்கு வந்து, "பேசலாமாம்மா?" என்று கேட்கிறார். அவர் கையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.