மூன்றடி மண்

என் ஓரகத்தி வீட்டில் மொசைக் தரை போட்ட வருஷம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. சென்னைப் பக்கம் கட்டடங்கள் எழும்ப எழும்ப, உத்திரமேரூரைச் சுற்றிச் செங்கல் சூளைகள் பெருகின. ஓரகத்தி வீட்டார் தங்கள் நிலத்தில் மூன்றடி மேல்மண்ணைச் சூளைக்கு விற்றிருந்தார்கள். சேற்றுக் காலோடு நான் உள்ளே போனால், அவள் பேசிக்கொண்டே பின்னால் துடைத்துக்கொண்டு வருவாள்.

நாமும் விற்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் மசியவில்லை. “தோண்டினா தோண்டினதுதான். மண்ணு திரும்ப வளருமா?” என்றார்.

“அவங்க மட்டும் நல்லாக் கீறாங்க. நாம சேத்துலயே கெடக்கணுமா?”

எங்கள் வயலை ஒட்டிய அவர்கள் நிலம் பள்ளமானதால் எங்கள் வயலில் கட்டிய தண்ணீர் அங்கே கசிந்து போனது. அதையே சாக்காக வைத்துப் பேசினேன். பிறகு பேச்சையே நிறுத்தினேன். ஒரு மாதத்தில் அவர் தலையாட்டினார்.

பொக்லைன் இறங்கிய அன்று, ஊர்க்கோடி இருளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி வரப்பில் வந்து நின்றாள். வருஷா வருஷம் எங்களுக்கு நாற்று நட்டவள். “இனிமே எங்களுக்கு இன்னா வேல கீதும்மா?” என்று கேட்டாள். பள்ளத்திலும் பயிர் வைப்போம் என்றேன்.

வைத்தோம். ஓரகத்தியுடையதைவிடப் பளபளப்பான தரையும் போட்டோம். ஆனால் பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் வடியவேயில்லை. மறுவருஷம் நடவு இல்லை.

அந்தப் பெண் இன்னும் நாலு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, காஞ்சிபுரத்தில் குடியிருந்த ஒரு வாத்தியாரின் தோண்டாத நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாள். எங்கள் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எங்களிடம் கூலிக்கு நின்றவளுக்கு இப்படி ஒரு விளைச்சலா? புது அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த கோடையில் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சூளைக்காரர் மண் கேட்கிறார், உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே, கொடுக்கலாமா என்றார். கொடுங்கள் என்று சொன்னால் போதும், அவளும் என்னைப் போல ஆகிவிடுவாள். அந்த நினைப்பு இனித்தது. அதை மறைக்கப் போவதில்லை. அவர் காபி குடித்து முடித்தார். பிறகு எங்கள் பள்ளத்துக்கு அழைத்துப் போனேன்.

“நீங்களே பாருங்க சார். இதுல இன்னா வெளையும்?”

அவர் மண்ணை விற்கவில்லை. நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. அந்த நிலத்தைத் தாண்டும்போது இன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன்.