ஈசானிய மூலைப் படிக்கட்டு

தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூரில், என் அக்கா கணவர் விக்டோரியா காலத்து வீடு ஒன்றை வாங்கினார். வெளிச்சுவரெங்கும் மீன் செதில் வடிவில் வெட்டிய மரத் தகடுகள். மூலையில் வட்டக் கோபுரம். சுவருக்குள் சறுக்கி மறையும் கதவுகள். முன்கூடத்தின் வடகிழக்கில் வால்நட் மரப் படிக்கட்டு, அதன் திருப்பத்தில் வண்ணக் கண்ணாடி. பின்பக்கம் வேலைக்காரப் பெண்களுக்கென்று இன்னொரு படிக்கட்டு இருந்தது. ஓராள் அகலம், கைப்பிடி கிடையாது. அவர்கள் படுத்த மேல்தள அறைக்கு மட்டும் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் போகவில்லை. குளிர்காலத்தில் அந்தப் பெண்கள் எப்படித் தூங்கினார்கள் என்று கட்டியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கட்டியவர் செங்கல் சூளை வைத்திருந்தவர். விற்றவர் அவருடைய பேத்தி, எழுபதைக் கடந்தவர், தனியாள். பேத்தியின் அப்பா அந்த மாடியில் பிறந்தவர். போரில் இறந்த அவளுடைய அண்ணனின் சவப்பெட்டி முன்னறையில் இரண்டு நாள் இருந்திருக்கிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட நினைத்த ஒருவர் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார். அந்தப் பெண்மணி மறுத்துவிட்டார். தாத்தாவின் படிக்கட்டைக் காப்பாற்றுகிறவருக்குத்தான் வீடு, விரும்புகிறவர்கள் கடிதம் எழுதட்டும் என்றார்.

"மாப்ள, நீதான பேப்பர்ல இருந்தவன். கிழவி படிச்சு அழுவுற மாதிரி ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணு" என்றார் மாமா.

சென்னையில் ஒன்பது வருடம் மற்றவர்களின் செய்திகளைத் திருத்தியவன் நான். எழுதினேன். அந்தப் படிகளில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஏறி இறங்குவார்கள், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று முடித்தேன். மாமா கையெழுத்திட்டார். வீடு கிடைத்தது.

குடிபோன மறுவாரம் போனேன். வாசலில் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. அதற்குள் படிக்கட்டு, துண்டு துண்டாக. சமையலறை மேடையில் சென்னை வாஸ்து நிபுணரிடமிருந்து வந்த ஃபேக்ஸ் கிடந்தது. வீட்டு வரைபடத்தில் முன்படிக்கட்டின் மேல் பெருக்கல் குறி போட்டு, "ஈசானியத்தில் பாரம். அகற்றவும்" என்று எழுதியிருந்தார். வேலைக்காரிகளின் படிக்கட்டு தென்மேற்கில் இருந்ததால் அதற்கு 'சரி' போட்டிருந்தது. தாளின் தலைப்பில் தேதி பார்த்தேன். நான் கடிதம் எழுதியதற்கு ஐந்து நாள் முந்தையது.

"அப்பவே தெரியுமா மாமா?"

"வாஸ்து பாக்காம எவனாவது வீடு வாங்குவானா? அந்த மூலைல வெயிட் இருந்தா க்ரீன் கார்டு நின்னுருமாம்."

"அது ரெண்டு வருஷமா நின்னுதான மாமா கெடக்கு?"

"மெதுவா பேசுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா. "அந்தம்மா வர்றாங்க."

காரை நிறுத்திவிட்டு அந்தப் பெண்மணி வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு காகிதச் சுருள். படிக்கட்டைச் செய்த தச்சரின் கை வரைபடம் அது. புதியவர்களிடம் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தார். தொட்டியருகே நின்றுவிட்டார்.

"டெர்மைட்ஸ், மேம்" என்றார் மாமா, ஒரு நொடி தாமதிக்காமல். "கம்ப்ளீட்லி ஈட்டன். நாட் சேஃப் ஃபார் கிட்ஸ்."

மரத்தில் ஒரு துளைகூட இல்லை. அறுத்த இடம் கரும்பழுப்பாகப் பளபளத்தது. அவர் தொட்டிக்குள் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நீங்களும் கரையானைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன்.

அரித்த வீட்டை விற்றுவிட்டேன், எனக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்றார் அவர். மாமா பெரிய மனதோடு, "இட்ஸ் ஓகே, மேம்" என்றார்.

கைப்பிடித் தூண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார்.

"நோ நோ மேம், இட் வில் ஸ்ப்ரெட் டு யுவர் ஹவுஸ்."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். எச்சரித்ததற்கு மாமாவிடம் நன்றி சொன்னார்.