அட்டவணையின் ஏழாவது வரி

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன். சுவரில் சாய்ந்தபடி, கேஸ் வைத்து இரும்பு வெட்டும் கேஸ் கட்டர். அவர் பக்கத்தில், கிரேனுக்குக் கொக்கி மாட்டும் மாமு. உறவு ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் அவர் மாமுதான். வாசற்படியில் எடைமேடைக்காரர். கட்டிலில் என்னோடு லோடு ஏற்றும் இருவர். அப்புறம் நான். தரையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் தங்கை. ஞாயிற்றுக்கிழமை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு விடுமுறை. மற்றவர்களையும் கூப்பிட்டேன், வரவில்லை. ஒரே ஒரு நாள் தூங்குகிற நாள், யார் வருவார்கள்.

தங்கை கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். மணிக்கணக்குச் சம்பளம். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் ஆராய்ச்சிப் பத்திரிகையில் அவள் எழுதியது ஒன்று அச்சாகியிருக்க வேண்டும் என்றாள். எங்கள் காதுகளைப் பற்றி எழுதினாள். இரும்புச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று. இருபத்தாறு பேர் காதைக் கொடுத்தோம். எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வாள். ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் நிறுத்திவிட்டு, அது போகும்வரை காத்திருப்பாள். வேர்வை ஊற்றும். மாமு உட்கார்ந்தபோது நெடுநேரம் விரல் எழவே இல்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எழுதி அனுப்பினாள், திரும்பி வந்தது. திருத்தினாள், மறுபடியும் வந்தது. காலேஜ் விட்டு வந்து, சோறு வடித்து, அதையே திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். முகம் கறுத்துப் போயிருந்தது. பேர் சொல்லாத இரண்டு பேர் படித்துப் பார்த்துக் குறை எழுதுவார்களாம். கேஸ் கட்டர் கேட்டார், “பேரு சொல்லாம கொற சொல்றானா? எங்க ஊர்ல அதுக்கு மொட்டக் கடுதாசின்னு பேரு பாப்பா.” அவள் சிரிக்கவில்லை. கடைசியாகப் பத்திரிகையில் ஒன்று கேட்டார்கள். ஒவ்வொருவரின் வயது, வேலை, எத்தனை வருஷம், காது நிலை, எல்லாம் அட்டவணையாக வேண்டும். அதைப் போட்டால் ஏற்றுக்கொள்வோம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது.

அந்த அட்டவணை சரியா என்று பார்க்கத்தான் எல்லாரையும் கூப்பிடச் சொல்லியிருந்தாள். பேர் கிடையாது, நம்பர்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழு. வயது ஐம்பத்தெட்டு. வேலை, கிரேனுக்குக் கொக்கி மாட்டுதல். வலது காது கேட்கவில்லை, இடது காது கால்வாசி.

கேஸ் கட்டர் தொடையில் தட்டினார். “அட, நம்ப மாமுடா இது!”

அடுத்த வரியில் கேஸ் கட்டரே மாட்டினார். எடைமேடைக்காரர் விடவில்லை. “பொண்டாட்டி கத்தறது கேக்கலன்றியே, நடிக்கிறன்னு நெனச்சுகினு இருந்தோம். நெசமாத்தான் கேக்கலியா நைனா?” வீடே சிரித்தது. மாமுவும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் எடைமேடைக்காரர்தான். “இன்னாடா சிரிச்சுகினு கீறீங்க. நமக்கே தெரியுதுன்னா மொதலாளிக்குத் தெரியாதா?”

“அவரு இங்கிலீசு புக்கு படிக்கிறாரா?” என்றார் கேஸ் கட்டர்.

“அவரு படிக்க மாட்டாரு. அவரு புள்ள படிப்பான்.”

கிரேன் தூக்கும் முன் விசில் ஊதுவார்கள். கொக்கி மாட்டியவர் உடனே விலக வேண்டும். மாமுவுக்கு விசில் கேட்காது. எங்களில் ஒருவன் எப்போதும் பக்கத்தில் நின்று அவர் தோளைத் தொடுவான். இப்படிச் செய்வோம் என்று யாரும் பேசி வைத்ததில்லை. முதலாளிக்கு அது தெரிந்தால் மாமு அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“கொக்கின்னு போடாத பாப்பா, கூலின்னு போடு” என்றார் கேஸ் கட்டர்.

“மாத்திப் போட்டா பொய்ண்ணா. வேணும்னா எடுத்துடலாம். மாத்தக் கூடாது.” பேரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன் என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் மாமுவின் இடது காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தங்கையிடம் கேட்டார். “என்னிய இதுல வெச்சா உனுக்கு வேல கெடைக்குமா?”

“தெரியாது மாமா. விண்ணப்பம் போடலாம்.”

“வெச்சா எனுக்கு வேல போவும். அது தெரியும்.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். தங்கை ஏழாவது வரியை அழித்தாள். அதுதான் அந்தக் கட்டுரையின் உயிர் என்று பிறகொரு நாள் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். அட்டவணையிலிருந்து கேஸ் கட்டர் போனார், எடைமேடைக்காரர் போனார். இன்ன வேலை என்றால் இன்ன ஆள் என்று தெரிந்துவிடுகிற எல்லாரும் போனார்கள். லோடு ஏற்றுகிற நாங்கள் மட்டும் மிஞ்சினோம். எங்களில் யார் யார் என்று எவனுக்கும் தெரியாது. ஆள் போதாது என்று பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. தேதி போனது.

மாமு அதற்குப் பிறகும் கொக்கி மாட்டினார். நாங்கள் தோளைத் தொட்டுக்கொண்டே இருந்தோம். முட்டி வலி தாங்காமல் அவராகவே வேலையிலிருந்து நின்றார், யாரும் போகச் சொல்லவில்லை. மணலி புதுநகரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை, நேரில்தான் போக வேண்டும். போவதற்குள் ஞாயிறு முடிந்துவிடுகிறது. தங்கை இன்னும் மணிக்கணக்கில்தான் பாடம் எடுக்கிறாள். இப்போது இரண்டு கட்டுரை வேண்டுமாம்.

போன மாதம் அந்தக் காதுக் கட்டுரை வேறொரு சின்னப் பத்திரிகையில் வந்தது. அட்டவணை இல்லாமல், சுருக்கமாக. வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். போனை நீட்டினாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அவள் பேரை மட்டும் காட்டினாள், பார்த்தேன்.

“நம்ப இருபத்தாறு பேர்ல எத்தினி பேரு கீறோம் இதுல?” என்று கேட்டேன்.

“பதினொண்ணு.”