மற்றக் காது நிரைக்கு

தலையில் துண்டைப் போட்டு, அதன்மேல் கொழுந்துக் கூடையின் கயிற்றை மாட்டி, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிப் பார்த்தார் இசபெல். இடது காதில் செருகியிருந்த ஹேன்ஸ்பிரீ கழன்று தோளில் விழுந்தது.

"இது வேணாந் தம்பி. அடுத்தத எடுங்க."

ஹட்டனில் கணேசமூர்த்தியின் போன் கடை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைத்தெருவுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் பை கொண்டுவருவார்கள். அன்றைக்கு இசபெல் கூடை கொண்டுவந்திருந்தார். அரிசி, மா, உருளைக்கிழங்கு என்று வாரச் சாமான் முழுவதும் அதற்குள் கிடந்தது. போனுக்குக் காசு போடப் போன எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன அக்கா, கூடையோடயே வந்திட்டீங்கள்?" என்றேன்.

"சும்மா நின்னு கேட்டா எல்லாம் நல்லாத்தான் டீச்சர் இருக்கும். கயிறு காத அமுக்கையில நிக்குதான்னு பாக்கணும்ல?"

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர் இசபெல். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் பின்வேலிக்குக் கீழே இருப்பது அவர்களுடைய ஏழாம் நம்பர் மலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், கீழேயிருந்து ஒரு பெண் விளம்பரம், செய்தி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருப்பதைக் கேட்டு, பாவம், ஏதோ கோளாறாக்கும் என்று நினைத்துவிட்டேன். இசபெல் வானொலியை, வரிசையாக நின்று கொழுந்து பறிக்கிற தன் நிரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்! போனைச் சத்தமாகப் போட்டால் கங்காணி செல்லசாமி ஏசுவார். அதனால் இசபெல் கேட்பார், கேட்டதை இரண்டு பக்கத்து நிரைகளுக்கும் சொல்வார். பாட்டு வந்தால் முதலடியைப் பாடிக் காட்டுவார். கிரிக்கெட் நாட்களில் ஏசுகிற செல்லசாமியே பக்கத்தில் வந்து, "எத்தன விக்கெட்டு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவாராம்.

ஆகவே ஹேன்ஸ்பிரீ வாங்குவது இசபெல்லுக்கு லேசுப்பட்ட விஷயமல்ல. வாசலில் கொத்தாகத் தொங்கும் மலிவுச் சாமானை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் விலைகூடியதை ஆசையோடு பார்ப்பார், கேட்கமாட்டார். நடுவிலைச் சாமானில்தான் அவருடைய விசாரணை எல்லாம். வயர் இடுப்பில் கட்டும் படங்கில் உரசும்போது காதுக்குள் கர்கர் என்கிறதா, வெற்றிலை மெல்லும்போது நழுவுகிறதா, செடிக் கிளையில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு போகுமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வயர் நல்லதாக இல்லாவிட்டால் கீழ் ஓடைப்பக்கம் ரேடியோ ஸ்டேசனே இழுக்காது என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. இந்தத் தொழிலுக்குச் சம்பளம் கொடுத்தால் இசபெல் என்றைக்கோ கூடையை இறக்கியிருப்பார்.

"இதப் போட்டுப் பாருங்கக்கா, பேஸ் சும்மா அள்ளும்" என்று கணேசமூர்த்தி ஒன்றை நீட்டினான்.

இசபெல் கண்ணை மூடிக் கேட்டார். முகம் கோணியது. "இடி இடிக்குது தம்பி. பேசுற பொம்பள கெணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரில்ல இருக்கு. இதுல பேரு வெளங்குமா?"

"என்ன பேர்?" என்று நான் கேட்டதும் கொஞ்சம் நெளிந்தார். பிறகு சொல்லிவிட்டார்.

கணவர் ஜோர்ஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறார். போனில் அவர் பேசுவது மூன்றே வசனம்: அரிசி இருக்கா, புள்ளைக ஸ்கூலுக்குப் போகுதா, சரி வைக்கிறேன். இந்தமுறை நாலாவதாக ஒன்று சொல்லியிருக்கிறார்: "புதன்கெழம பத்து மணிக்கு வாழ்த்து நிகழ்ச்சியக் கேளு." ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். புதன்கிழமை அவர்களுடைய கல்யாண நாள்.

"இத்தன வருசத்துல அந்தாளு ஒருநாளும் ஞாபகம் வச்சதில்ல டீச்சர். பழைய ஹேன்ஸ்பிரி மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. ரேடியோவுல பேர ஒருக்காதான் சொல்லுவாங்க. அந்த நேரம் பாத்து இது கழண்டு விழுந்துச்சுன்னா, எல்லாம் போச்சு!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நானும் கூடைக்குள் எட்டிப் பார்த்து, பாரம் போதுமா என்று கேட்கத் தொடங்கிவிட்டேன்.

கடைசியில் ரப்பர் மூடி வைத்த ஒன்று நின்றது. தலையை ஆட்டினார், குனிந்தார், வெற்றிலையை மென்றார், நின்றது. பேச்சும் தெளிவு. சின்ன மூடிதான் இடது காதுக்குச் சரி என்று முடிவாயிற்று.

"வலது காதுக்கும் அளவு பாத்துருங்கக்கா. ரெண்டு காதும் ஒண்ணா இருக்காது" என்றான் கணேசமூர்த்தி.

"அது வேணாந் தம்பி. மத்தக் காது நிரைக்கு. பக்கத்துல மீனம்மா கூப்புட்டா கேக்கணும், குளவி கலைஞ்சிருச்சுன்னு கத்துனா ஓடணும். நம்ம பாட்டுக்கு ரெண்டு காதையும் அடைச்சிக்கிட்டு நிக்க முடியுமா?"

புதன்கிழமை பத்து மணிக்கு எனக்குப் பாடம் இல்லை. உண்மையைச் சொன்னால், பாடம் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். பின்வேலியோரம் போய் நின்றேன். லேசான பனிமூட்டம். செல்லசாமி கங்காணி அன்று இசபெல்லுக்கு ஓடைப்பக்கம் கொடுக்காமல் மேல் நிரையைக் கொடுத்திருந்தார். வேலிக்குக் கொஞ்சம் கீழேதான் இசபெல் நின்றார். இடது காதில் புதிய ஹேன்ஸ்பிரீ. மற்றது கழுத்தடியில், தலைத்துண்டின் முடிச்சில் செருகியிருந்தது.

கை கொழுந்தைப் பறித்துக் கூடைக்குள் எறிய, வாய் வழக்கம்போல ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

"ராகலையில தேனுஜனுக்கு அஞ்சாவது பொறந்தநாளாம். அம்மா, அப்பா, சித்தி லக்சனா எல்லாரும் வாழ்த்துறாங்களாம்."

"நல்லா இருக்கட்டும்" என்றார் பக்கத்து நிரையிலிருந்து மீனம்மா.

"அடுத்தது கொழும்புலருந்து. டிக்கோயாவுல இருக்கிற..."

அதோடு நின்றுவிட்டது. கையும் நின்றது.

"டிக்கோயாவுல யாருடி?" மீனம்மா நிமிர்ந்து பார்த்தார். "அடியே இசபெல்லு, யாருக்குடி? சொல்லேன்!" நிரை முழுவதும் நிமிர்ந்துவிட்டது. கங்காணிகூட ஏச மறந்து நின்றார்.

இசபெல் தலைத்துண்டின் முடிச்சுக்குள் விரலை விட்டு மற்றதை வெளியே எடுத்தார். சட்டைக் கையில் ஒருதரம் துடைத்து வலது காதில் வைத்தார். அளவு பார்க்காத மூடி நிற்காமல் நழுவியது. உள்ளங்கையால் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.